கிணற்றடித் தேசி

அன்று காலை கிணற்றடியில் நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு ஸரீனா ராத்தா. புத்தளத்தில் கலியாண வீடு முடித்து அப்போதுதான் பஸ்ஸால் இறங்கியவர். அபாயாவைக்கூடக் கழற்றவில்லை.

அவர் புருசன் மஹ்ரூப் நானா. கருவாட்டு வியாபாரி. தோளில் பயணப் பை.

என் வீட்டுக்காரர். கையில் கயிறு.

அவருடைய தமையன். அடம்பனில் வயல் செய்கிறவர். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

நான்.

வேலிக்கு அப்பால் ஒரு கழுதை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மன்னாரில் கழுதை பார்க்காமல் ஒன்றும் நடப்பதில்லை.

பெரியத்தான் வாளியை இழுத்தார். செம்பில் ஊற்றி ராத்தாவிடம் நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்கோ தங்கச்சி. ரெண்டு முழம் ஆழமாக்கி விட்டிருக்கிறன். இனி மழை பொய்ச்சாலும் கிணறு வத்தாது."

ராத்தா ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். திரும்பி மணலில் துப்பினார்.

"அண்ணன், இன்னும் ரெண்டு முழம் போயிருந்தா சுறா வந்திருக்கும்."

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

மஹ்ரூப் நானா செம்பை வாங்கி நாக்கில் தொட்டார். "அல்லாஹ்" என்றார். மிச்சத்தைக் கீழே ஊற்றினார்.

ராத்தா என்னைப் பார்த்தார்.

"ராணி, மரத்துக்கும் இதையா விட்டீங்க?"

"ஓம் ராத்தா. மோட்டர் போட்டு விட்டது."

"எத்தின நாளா?"

"நீங்க போன ரெண்டாம் நாளில இருந்து."

அவர் தேசி மரத்தடிக்குப் போய் நின்றார். மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. நன்றாகவே நனைத்திருந்தோம்.

மடியில் வந்த மரம்

அந்தத் தேசி மரத்தை, சிலர் எலுமிச்சை என்பார்கள், அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் காணிக்கும் அவர்கள் காணிக்கும் நடுவில்தான் கிணறு. பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. வேலி கிணற்றடியில் வந்து நின்றுவிடும். அந்த இடைவெளியால் இரண்டு வீடும் போய் வருவோம். மரம் அவர்கள் பக்கம் நின்றது. கொப்பு எங்கள் பக்கம் நீண்டிருந்தது.

சண்டைக் காலத்தில் ஊரை விட்டு அனுப்பப்பட்டு, ராத்தா குடும்பம் நெடுங்காலம் புத்தளத்தில் இருந்தது. திரும்பி வந்தபோது எல்லாரும் லொறியில் கட்டிலும் தகரமும் ஏற்றினார்களாம். ராத்தா ஒரு பால்மாத் தகரப் பேணியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பேணிக்குள் தேசிக்கன்று.

"லொறியில வச்சாச் செத்துரும். மடியில இருந்தா வெக்கத்துக்காவது உசிரோட இருக்கும்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

நாங்களும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, எழும்பி வந்தவர்கள்தான். அதை நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசியதில்லை. தெரிந்ததை என்ன பேசுவது.

ராத்தா தொழுகைக்கு ஒளு எடுப்பது அந்த மரத்தடியில்தான். கை, வாய், முகம், கால் கழுவுகிற தண்ணீர் எல்லாம் வேருக்குப் போகும். வேறு தண்ணீர் விட்டதை நான் கண்டதில்லை. ஒரு நாளில் ஐந்து தொழுகை. மரம் தாகம் அறியாமல் வளர்ந்தது.

தேசிக்காய் ஊறுகாய் போட்டு, போத்தலில் அடைத்து, கடைகளுக்குக் கொடுப்பார். அவருக்கென்று கையில் வருகிற காசு அதுதான். எனக்குச் சொதிக்குப் புளி விட வேண்டுமென்றால் கையை நீட்டிப் பறிப்பேன்.

"பறி. பறிச்சிட்டுச் சொல்லு. சொல்லாமப் பறிச்சாச் சொதி திரையும்" என்பார்.

நான் சொல்லித்தான் பறிப்பேன்.

மணலில் மரக்கறி

போன கிழமை கழுதைகளைப் பற்றி எழுதினேன். மன்னார்த் தீவு மணலில் மரக்கறி முளைக்குமா என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். முளைக்கும். ஆனால் மணலை நம்பக் கூடாது.

நான் பிறந்தது வயல் ஊர். அங்கே கை உதறினாலே கீரை முளைக்கும். என் வீட்டுக்காரருக்கு ஐஸ் போடுகிற இடத்தில் வேலை கிடைத்துத் தீவுக்கு வந்தோம். வந்த முதல் வருசம் வைத்த கத்தரி எல்லாம் மஞ்சள் பிடித்துச் செத்தது.

குழி வெட்டி, காய்ந்த பனையோலையைத் தாட்டு, அதற்கு மேல் ஆட்டெரு போட்டு, பிறகு மணல் மூடி நடவேண்டும் என்று ராத்தாதான் காட்டினார். ஓலை உக்கி, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மீன் கழுவுகிற தண்ணீரும் வீணாவதில்லை. வெண்டிக்கு அது நல்லது. பின்னேரத்தில் பூனை வரும். அது வேறு கதை.

சாமான் விலை தலைக்கு மேல் ஏறின வருசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை. சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயின் விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பின ஆட்கள் உண்டு. எங்கள் இரண்டு வீட்டிலும் அந்த வருசம் ஒருவரும் பசியோடு படுக்கவில்லை. கத்தரி, பயித்தை, வெண்டி, பூசணி, பச்சை மிளகாய். மதிலோரம் பப்பாசி. மீன் நானாவின் ஆட்களிடம் கிடைக்கும். மரக்கறி நிலத்தில் கிடைத்தது.

பயித்தங்காயை ஒடிக்கும்போது ஒரு சத்தம் வருமே. அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்குச் சமையல் முடிந்த மாதிரி.

எல்லாத்துக்கும் தண்ணீர் அந்த ஒரு கிணறு.

அடம்பன் பழக்கம்

கிணற்றை ஏன் தோண்டினார்கள் என்று சொல்கிறேன்.

அந்த ஆவணியில் சோளகக் காற்று நிற்காமல் அடித்தது. மணல் பறந்து சோற்றுக்குள் விழுந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கி, வாளி அடியில் தட்டத் தொடங்கியது.

ராத்தா குடும்பம் கலியாணத்துக்குப் புத்தளம் போனது. போகும்போது, "ராணி, மரத்தைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பெரியத்தான் எங்களைப் பார்க்க வந்தார். பூசணிக்காய் வாங்கிப் போக வந்தவர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"இதென்னடா தம்பி, கிணறோ? கோழி தண்ணி குடிக்கிற சட்டியோ?"

"தீவில இப்பிடித்தான் அண்ணை" என்றார் இவர்.

"தீவாவது திடலாவது. தண்ணி இறங்கினா நாங்களும் இறங்கவேணும். கொண்டா மண்வெட்டியை."

அடம்பன் பக்கத்தில் அது சரியான பேச்சு. அங்கே தண்ணீர் வற்றினால் ஆழமாக்குவார்கள். ஆழமாக ஆழமாகத் தண்ணீர் ஊறும். பெரியத்தான் இளந்தாரியாக இருந்த காலத்தில் இருந்து கிணறு தோண்டுகிறவர். அவர் இறங்கினால் தண்ணீர் வரும் என்று ஊரில் பேர்.

தீவில் அப்படி இல்லை. இங்கே நல்ல தண்ணீர் மழையால் வந்தது. மணலுக்குள் மேலாகத்தான் நிற்கும். அதற்குக் கீழே கடல். பாலுக்கு மேல் ஆடை நிற்கிற மாதிரி. ஆடையைக் கிழித்தால் வருவது வேறு.

அது ராத்தா வீட்டாருக்குத் தெரியும். இவருக்கும் அரைகுறையாகத் தெரியும். ஆனால் தமையன் சொன்னால் இவர் மறுத்துப் பேசமாட்டார். சின்ன வயதில் இருந்து அப்படி.

ராத்தா வரும்போது கிணறு நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும், அவர் சந்தோசப்பட வேண்டும் என்று இரண்டு பேரும் இறங்கினார்கள். அதில் கள்ளம் இல்லை.

தண்ணீர் பொங்கி வந்தது. கலங்கல். பெரியத்தான் மேலே ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் தெளிந்தது. நான் வாயில் வைத்தேன்.

"கரிக்குது பெரியத்தான்."

"புதுத் தண்ணி பிள்ளை. ரெண்டு நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும். இறைச்சு விட்டால் சரியாகும்."

இறைப்பதற்கு மோட்டரைப் பூட்டினார். குழாயை மரக்கறிக்குப் போட்டார். பிறகு தேசி மரத்துக்குப் போட்டார். "பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர மரம், வஞ்சகம் இல்லாமல் விடவேணும்" என்று அவரே பக்கத்தில் நின்று விட்டார்.

இறைக்க இறைக்கக் கடல் மேலே வந்துகொண்டிருந்தது. குடிக்கப் பவுசர் லொறியில் வந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டோம்; எங்களுக்குத் தெரியவில்லை.

இலை

கத்தரி முதலில் போனது. இலையின் ஓரம் கருகிச் சுருண்டது. பயித்தை பூவை உதிர்த்தது. மிளகாய் நின்றபடி காய்ந்தது. அதெல்லாம் திரும்ப நடலாம். அதற்கு நான் கவலைப்படவில்லை.

தேசி மரம் இலை கொட்டத் தொடங்கியது.

காலையில் கூட்டினால் பின்னேரம் மணல் மூடிக் கிடக்கும். பச்சையாகவே விழுந்த இலைகள். மிதித்தால் மணம் வந்தது. 

பெரியத்தான், ராத்தா தண்ணீரைத் துப்பிய அன்றைக்கே பின்னேர பஸ்ஸில் போய்விட்டார். பூசணிக்காயை எடுக்கவில்லை.

ராத்தா சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், அவர் திருப்பிச் சொல்லியிருப்பார், முடிந்திருக்கும். அவர் பேசாமல் இருந்தார். கிணற்றடி இடைவெளியால் வருவது நின்றது. எங்கள் வீட்டுச் சட்டி அவர்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டுக் கோப்பை எங்கள் வீட்டிலும் கிடந்தன. திருப்பிக் கொடுத்தால் உறவு முடிந்த மாதிரி ஆகிவிடும் என்று நான் கொடுக்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒளு எடுப்பதை வீட்டு வாசலுக்கு மாற்றினார். உப்புத் தண்ணீரில் ஒளு செய்யலாம், மரத்துக்குத்தான் ஆகாது.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு போவார். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் நல்ல தண்ணீர். கேட்டு வாங்கி வந்து, மரத்தடியில் மெதுவாக ஊற்றுவார். உப்பைக் கீழே கழுவ வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம்.

ராத்தா யன்னலுக்குள் நின்று பார்ப்பார். நானும் பார்ப்பேன். இவர் குனிந்தபடி ஊற்றிவிட்டு வருவார்.

ஒருநாள் ராத்தாவின் குரல் வந்தது.

"அண்ணன், முதுகு முறியப் போகுது. மரம் போனாப் போகட்டும்."

"போகாது" என்றார் இவர்.

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அன்று சோறு இறங்கியது.

பஸ்ஸில் வந்த களி

ஒரு சனிக்கிழமை. வாசல் படலையில் சத்தம். பார்த்தால் பெரியத்தான். அவருக்குப் பின்னால் பஸ் நின்றது. கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான்.

"ஐயா, உங்கட சாமானை இறக்குங்கோ! பஸ் ஒரு பக்கம் சரியுது!"

உரப்பை நிறைய ஏதோ. ஒன்றல்ல, பல. இவரும் நானும் ஓடிப்போய் இழுத்தோம். பாரம்.

"என்ன பெரியத்தான் இது?"

"களி."

"என்ன களி?"

"என்ர வயல் களிமண் பிள்ளை. வாய்க்காலுக்குப் பக்கத்தில வெட்டினது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விடாது."

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டான். "மண்ணுக்கும் ரிக்கற் கேட்டனான். மனுசன் அரை ரிக்கற்தான் தருவாராம். வயலுக்கு வயசு காணாதாம்."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தது வீதி வரை கேட்டது. பெரியத்தான் சிரிக்கவில்லை. மஹ்ரூப் நானா வீட்டுப் படலைக்குப் போனார். வெளியில் நின்று கூப்பிட்டார்.

நானா வந்தார். ராத்தா கதவுக்குள் நின்றார்.

பெரியத்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, நான் ஓட்டை போட்ட இடத்தை நானே அடைக்கிறன். உங்கட கிணறும்தான். உங்களைக் கேக்காமல் தோண்டினனான். இப்ப கேட்டுப்போட்டு இறங்கிறன்."

நானா உரப்பைகளை எட்டிப் பார்த்தார்.

"களி போட்டா நிக்குமா அண்ணன்?"

"என்ர வரம்பில நிக்குது."

"வரம்புக்குக் கீழ கடல் இல்லையே."

"தெரியாது. ஆனால் வேற வழி உமக்குத் தெரியுமோ?"

நானா சாரத்தை மடித்துக் கட்டினார். "இறங்குங்க. நான் தண்ணி இறைச்சுத் தாறன். வாளியால. மோட்டர் வேணாம்."

மூன்று ஆம்பிளைகளும் அன்று முழுக்கக் கிணற்றுக்குள்ளும் வெளியேயுமாக நின்றார்கள். களியை உருண்டையாகப் பிடித்து இறக்கினோம். பெரியத்தான் அடியில் நின்று காலால் மிதித்து இறுக்கினார். தோண்டின ஆழத்தை அப்படியே களியால் அடைத்தார். அதற்கு மேல் நானா கடற்கரையில் இருந்து பருமணல் கொண்டுவந்து, கழுவிப் போட்டார்.

"மேல வாங்க அண்ணன். அங்கேயே குடியிருக்கப் போறீங்களா?" என்று நானா கூப்பிட்டார்.

"சுறா வருதோ எண்டு பாக்கிறன்" என்றார் பெரியத்தான்.

கதவுக்குள் இருந்து ராத்தா சிரித்தார். எனக்குக் கேட்டது.

அன்று மத்தியானம் ராத்தா வீட்டில் சமைத்து அனுப்பினார். என்னுடைய சட்டியில். மீன் ஆணமும் சோறும். மரக்கறி இல்லை. இரண்டு வீட்டிலும் ஒரு காய் இல்லை. பெரியத்தான் விரலைச் சூப்பிச் சாப்பிட்டார்.

மழை வரும் வரை

களி போட்ட உடனே சரியாகவில்லை. அதைச் சொல்ல வேண்டும். பிறகும் கரித்தது. ஆனால் ஏறவில்லை. நானா சொன்னபடி ஒருவரும் மோட்டர் போடவில்லை. வாளியால் மேலாக அள்ளினோம். குளிக்க, உடுப்புத் தோய்க்க மட்டும்.

மரத்தில் கடைசியாக நுனியில்தான் கொஞ்சம் இலை நின்றது. கொப்பு எல்லாம் முள். ஊறுகாய்க்கு ஆள் கேட்டு வந்தபோது ராத்தா, "இந்த வருசம் இல்ல" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

இவர் தினமும் கானில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு கொப்பை நகத்தால் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை தெரிந்தால் அடுத்த நாளும் போவார்.

சோளகக் காற்று ஓய்ந்தது. வானம் கறுத்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. வழமையாக மழை வந்தால் நான் உடுப்பு எடுக்க ஓடுவேன். அந்த முதல் மழைக்கு உடுப்பு நனைய நனையக் கிணற்றடியில் நின்றேன். மண் மணத்தது. கூரைத் தண்ணீர் கிணற்றடிக்கு ஓடட்டும் என்று இவர் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினார். அந்தப் பக்கம் நானாவும் வெட்டினார். இருவரும் நனைந்துகொண்டு ஒரே திசைக்கு வெட்டினார்கள்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. வாடைக் காற்றுத் தொடங்கியது. கிணறு மெல்ல ஏறியது.

குடித்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஒருவரும் குடிக்கவில்லை. தண்ணீர் பவுசர் வந்தால் அதில் பிடித்ததைத்தான் குடித்தோம்.

ஒருநாள் காலை ராத்தா கிணற்றடி இடைவெளியால் வந்தார். நெடுநாளுக்குப் பிறகு. கையில் கேத்தல்.

"ராணி, தேத்தண்ணி வைப்பம்."

"எந்தத் தண்ணியில ராத்தா?"

"இந்தத் தண்ணியில."

அவரே அள்ளினார். என் அடுப்பில் வைத்தார். பால்மா கரைத்தார். உவர்த் தண்ணீர் என்றால் பால் திரைந்துவிடும். இரண்டு பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரையவில்லை.

ராத்தா ஒரு வாய் குடித்தார். வாயில் வைத்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தேன்.

"சீனிதான் காணாது" என்றார்.

நான் அடுப்படியில் அப்படியே குந்திவிட்டேன்.  நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. ராத்தா முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எழும்படி. அழுறதா இருந்தா வெளிய போய் அழு. கோப்பைக்குள்ள விழுந்தா மறுபடி கரிக்கும்."

அன்று லுஹர் தொழுகைக்கு அவர் மரத்தடியில் ஒளு எடுத்தார்.

துளிர்

தை மாதம் வெறும் கொப்பில் சிவப்பாகச் சின்னத் துளிர் வந்தது. இவர்தான் முதலில் கண்டார். வந்து சொல்லவில்லை. என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

பெரியத்தானுக்கு நான் போன் எடுத்தேன்.

"மரம் துளிர்த்திட்டுது பெரியத்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"தடிமன் பிள்ளை. வயலில பனி" என்றார்.

மரக்கறியை மழையோடேயே திரும்ப நட்டிருந்தோம். பனையோலை தாட்டு, எருப் போட்டு, முதலில் இருந்து. கத்தரி மாசியில் காய்த்தது. பயித்தை அதற்கு முன்பே. வாளித் தண்ணீர்தான். மோட்டரை விற்றுவிட்டோம். முதல் கத்தரிக்காயை ராத்தா வீட்டுக்குக் கொடுத்தேன். பால்கறியாகத் திரும்பி வந்தது.

தேசி அந்த முறை காய்க்காது என்று நானா சொன்னார். மரம் பிழைத்ததே போதும், காயைக் கேட்கக் கூடாது என்றார். நாங்களும் கேட்கவில்லை.

அது தானாகப் பூத்தது. வெள்ளைப் பூ. பின்னேரத்தில் இரண்டு முற்றமும் மணக்கும். பாதிப் பூ காற்றுக்கு விழுந்தது. மிச்சம் பிஞ்சு பிடித்தது.

ஆனியில் ராத்தா கூப்பிட்டார். பெரியத்தானும் அன்று வந்திருந்தார். நானா கொக்கத்தடியால் மேலே பறித்தார். இவர் கீழே பறித்தார். பெரியத்தானைத் தொட விடவில்லை. "நீங்க இரிங்க அண்ணன், நீங்க இறங்கினா ஆழமாகிடும்" என்றார் ராத்தா. பெரியத்தான் கதிரையில் இருந்தபடி, அந்தக் காய் விடுபட்டுப் போச்சு, இந்தக் காய் விடுபட்டுப் போச்சு என்று கை காட்டினார்.

பாயை விரித்துக் கொட்டினோம். காய் சின்னதுதான். தோல் மெல்லிசு. நகம் பட்டால் சாறு வந்தது. ராத்தா ஒன்றை வெட்டி எல்லாருக்கும் நாக்கில் ஒரு சொட்டு விட்டார். புளி. சுத்தமான புளி. உப்பு இல்லை.

பிறகு ராத்தாவும் நானும் எதிரும் புதிருமாகக் குந்தியிருந்து எண்ணினோம். வெட்டினதையும் சேர்த்து.

நூற்று நாற்பத்து மூன்று.